டிபார்ட்மென்ட்ல எல்லாமே மாறுதா? மனசு உடையாம அதைக் கடக்கறது எப்படி

அந்த மெயில் பெரும்பாலும் வாரக்கடைசி சாயங்காலம்தான் வருது. தலைப்புல "மறுசீரமைப்பு"ன்னு இருக்கும், உள்ள நாலு பாரா இருக்கும், ஆனா நம்ம டிபார்ட்மென்ட்டை இன்னொண்ணோட சேக்கறாங்களா, நான் இத்தனை வருஷமா எடுக்கற கோர்ஸ் இருக்குமா, என் ரூம் இருக்குமா, என் கான்ட்ராக்ட் இருக்குமான்னு நாம தேடற எதுக்கும் அதுல பதில் இருக்காது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. மறுநாள்லேர்ந்து காரிடார்ல ரெண்டு பேர் பேசிட்டிருந்தா நம்மளைப் பத்திதான் பேசறாங்களோன்னு தோணும்.

நான் இதுல நாலு தடவை மாட்டியிருக்கேன். ரெண்டு தடவை டிபார்ட்மென்ட் இணைப்பு, ஒரு தடவை மொத்த பாடத்திட்டமும் புது சாப்ட்வேருக்கு மாறுனது, ஒரு தடவை ப்ரொமோஷன் விதியவே மாத்தினது. முதல் தடவை நல்லா அடி வாங்கினேன், ஆறு மாசம் ஒரு வரி எழுத முடியல. நாலாவது தடவை வேலை அதைவிட ஜாஸ்திதான், ஆனா ஆள் முழுசா இருந்தேன். நடுவுல என்ன கத்துக்கிட்டேன்னுதான் இங்க எழுதறேன், காலேஜ், பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தற நம்ம தொழில்ல இருக்கற யாருக்காவது ஒரு ராத்திரி தூக்கமாவது திரும்பக் கிடைச்சா போதும்.

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். மாற்றம் பெருசா இருக்கறதால மட்டும் ஆள் உடையறதில்ல. நம்மளைக் கேக்காம நடக்குது, பழைய வேலை எதுவும் குறையாம புது வேலை மேல ஏறுது, எதுக்காக இந்தத் தொழிலுக்கு வந்தோமோ அது ஓரத்துக்குத் தள்ளப்படுது, இந்த மூணும் சேரும்போதுதான் உடையறோம். வேலை அழுத்தத்தை ஆராஞ்ச ராபர்ட் கராசெக் 1979லயே சொன்னது இதுதான்: வேலைச்சுமை அதிகமா இருந்து, அதை எப்படிச் செய்யறதுங்கற அதிகாரமும் கையில இல்லேன்னா அந்த ரெண்டும் சேர்ற இடத்துலதான் மன அழுத்தம் மோசமா இருக்கு. பிரிட்டன்ல வேலையிடப் பாதுகாப்பைப் பாத்துக்கற அரசு அமைப்பு 2004ல மன அழுத்தத்துக்குன்னு ஆறு விஷயத்தைக் கவனிக்கச் சொல்லி ஒரு வரையறை போட்டுது. சுமை, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்புத் தெளிவு, ஆறாவதா மாற்றம். மாற்றத்தை எப்படிக் கொண்டு வர்றாங்க, எப்படிச் சொல்றாங்கங்கறதையே தனியா ஒரு ஆபத்தா எழுதி வச்சிருக்காங்க. அதனால உங்களுக்கு வர்ற படபடப்பை, நமக்குத்தான் தாங்கற சக்தி இல்லன்னு எடுத்துக்காதீங்க.

பல்கலைக்கழகத்துல இது இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டும். நம்மில் பல பேர் இந்த வேலைக்கு வந்ததே இதுல ஒரு சுதந்திரம் இருக்குன்னுதான். என்ன படிக்கறது, எதை ஆராயறது, ஒரு பாடத்தை எப்படி நடத்தறதுன்னு நாமளே முடிவு பண்ணுவோம். அதுல கை வைக்கும்போது நம்ம ஆளையே தொட்ட மாதிரி இருக்கும். 20 வருஷம் ஒரு துறையோட பேரைச் சொல்லி அறிமுகம் ஆன ஒருத்தருக்கு அந்தப் பேரே கதவுலேர்ந்து போயிடுச்சுன்னா அது துக்கம்தான். அதைத் துக்கம்னே ஒத்துக்குங்க, "பெயர்ப்பலகைதானே"ன்னு உங்களையே அதட்டாதீங்க.

முதல் வாரம்

மெயில் வந்த ராத்திரி பதில் எழுதாதீங்க. எழுதியே ஆகணும்னு கை துடிச்சா ஒரு வெத்துப் பைல்ல எழுதுங்க, அனுப்பற கட்டத்துல முகவரி எதுவும் போடாதீங்க. நான் முதல் தடவை ராத்திரி 11 மணிக்கு எல்லாருக்கும் போற மாதிரி ஒரு பதில் போட்டேன், அதுல இருந்த நியாயம் யார் கண்ணுலயும் படல, தொனி மட்டும்தான் படிச்சவங்க மனசுல நின்னுது, அதை ஆத்தறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு.

மறுநாள் ஒரு தாளை எடுத்து மூணு பத்தியா பிரிங்க. முதல் பத்தில எழுத்துல உறுதியா வந்தது மட்டும். ரெண்டாவதுல யாரோ சொன்னது, யார் சொன்னாங்கன்னும் சேத்து. மூணாவதுல நீங்க பயப்படறது. இதை உண்மையாவே கையால எழுதணும், மனசுல வச்சுக்கிட்டா மூணும் ஒண்ணாக் கலந்துரும், அந்தக் கலப்புதான் தூக்கத்தைக் கெடுக்கும். எனக்கு ரெண்டாவது இணைப்பு வந்தப்போ எழுதிப் பாத்தா முதல் பத்தில ரெண்டே வரி இருந்துச்சு, மூணாவது பத்தி தாளோட பின்பக்கம் வரைக்கும் போச்சு. பயம் குறையலதான், ஆனா எதை யார்கிட்ட கேக்கணும்னு தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் ரெண்டாவது, மூணாவது பத்திலேர்ந்து கேள்விகளை எடுங்க, நாலு அஞ்சுக்கு மேல வேண்டாம். "என் கோர்ஸ் அடுத்த செமஸ்டர்ல இருக்கா, இல்லையா, எந்தத் தேதிக்குள்ள முடிவாகும்?", "என்னோட ஆராய்ச்சி மாணவர்கள் யாருக்குக் கீழ பதிவாவாங்க?", "ப்ரொமோஷனுக்கு இதுவரைக்கும் செஞ்சது பழைய விதிப்படி எண்ணப்படுமா?" இப்படித் தேதியும் ஆளும் வர்ற மாதிரி கேளுங்க. நேர்ல பேசினாலும், பேசி முடிச்சதும் "இன்னைக்கு பேசினதுல நான் புரிஞ்சுக்கிட்டது இது"ன்னு மூணு வரி மெயில் போட்டு வைங்க. நம்பிக்கை இல்லாம செய்யற வேலை இல்ல இது. மாற்ற காலத்துல பொறுப்புல இருக்கறவங்களே மாறிடுவாங்க, புதுசா வர்றவங்களுக்கு நம்ம பேச்சு எதுவும் தெரியாது.

பதில் வரலேன்னா அதையும் ஒரு தகவலா எடுத்துக்கணும். "இன்னும் முடிவாகல"ன்னு யாராவது நேர்மையாச் சொன்னாகூட அதுல ஒரு நிம்மதி இருக்கு. நிச்சயம் இல்லாம தொங்கறது கெட்ட செய்தியைவிட ஆளை அதிகமாத் தின்னும், வேலை போகப் போறவர் தெரிஞ்சதும் அடுத்தது தேட ஆரம்பிச்சுடுவார், தெரியாதவர் எதையும் ஆரம்பிக்க முடியாம உக்காந்திருப்பார்.

எதை நீக்கறீங்க?

என்னைக் கேட்டா இந்தக் கட்டுரையிலயே முக்கியமான பகுதி இதுதான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். ஒவ்வொரு மாற்றத்துலயும் என்ன புதுசா வருதுன்னு ஸ்லைடு போட்டுக் காட்டுவாங்க. என்ன போகுதுன்னு ஒரு ஸ்லைடுகூட இருக்காது. புது மதிப்பீட்டு முறை வரும், பழைய ரிப்போர்ட்டும் தொடரும். புது போர்ட்டல் வரும், பழைய ரிஜிஸ்டரும் தொடரும். யாரும் வேணும்னு செய்யறதில்ல, சேக்கறதுக்கு ஒரு கமிட்டி இருக்கு, நீக்கறதுக்கு கமிட்டி இல்ல, அவ்வளவுதான்.

இதை எதிர்கொள்ள உங்ககிட்ட கணக்கு இருக்கணும். ரெண்டு வாரம், முழுசா ரெண்டு வாரம், எந்த வேலைக்கு எத்தனை நேரம் போச்சுன்னு எழுதுங்க. அரை மணி நேரக் கணக்குல போதும், நிமிஷக் கணக்கு வேண்டாம், அதுவே இன்னொரு சுமையாயிரும். வகுப்பு, வகுப்புக்குத் தயாராகறது, திருத்தறது, மாணவர்களைப் பாக்கறது, மெயில், மீட்டிங், போர்ட்டல்ல ஏத்தறது, ஆராய்ச்சி. வீட்டுல ராத்திரி செய்யறதையும் எழுதணும், பல பேர் அதை விட்டுடறாங்க, நாம செய்யற வேலையில ஒரு பெரிய பகுதி யார் கணக்குலயும் வராம போறது அங்கதான்.

எழுதிப் பாத்தீங்கன்னா ஆச்சரியமா இருக்கும். ஒரு அசைன்மென்ட்டைப் படிச்சு, ரெண்டு வரி கருத்து எழுதி, மார்க் ஏத்தறதுக்கு 20 நிமிஷம்னு வைங்க. வகுப்புல 60 பேர் இருந்தா 20 மணி நேரம். இணைப்புக்கப்புறம் அதே வகுப்புல 90 பேர் ஆனா 30 மணி நேரம். அட்டவணையில பாத்தா உங்களுக்கு வகுப்பு நேரம் ஒரு நிமிஷம்கூட கூடல, அதே ஒரு கோர்ஸ்தான், ஆனா ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் 10 மணி நேரம் உங்க ராத்திரியிலேர்ந்து போகுது. வொர்க்லோட் பட்டியல் போடறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, நீங்க காட்டற வரைக்கும்.

அந்தக் கணக்கை எடுத்துக்கிட்டு ஹெச்.ஓ.டி.கிட்ட போங்க. "முடியல சார், ரொம்ப கஷ்டமா இருக்கு"ன்னு ஆரம்பிச்சா அவரும் "எனக்கும் அப்படித்தான் இருக்கு"ன்னு சொல்லுவார், அது உண்மையாகவும் இருக்கும், பேச்சு அங்கயே முடிஞ்சுரும். அதுக்கு பதிலா "மேடம், இந்த செமஸ்டர்ல இந்த மூணு வேலைக்கு வாரம் 14 மணி நேரம் கூடுதலா வருது, இதை நான் செய்யறேன், இதுக்கு எதை நிறுத்தலாம்னு நீங்க சொல்லுங்க, என் பக்கம் ரெண்டு யோசனை இருக்கு"ன்னு சொல்லுங்க. அந்த ரெண்டு யோசனையும் கையில இருக்கணும்: ஒரு கமிட்டியிலேர்ந்து விலகறது, நாலு அசைன்மென்ட்டை மூணாக் குறைக்கறது, ஒரே தகவலை ரெண்டு இடத்துல ஏத்தறதை ஒண்ணாக்கறது, இந்த மாதிரி. எப்பவும் கிடைக்காது. ஆனா நான் கேட்ட தடவைகள்ல பாதியாவது ஏதோ ஒண்ணு குறைஞ்சிருக்கு, கேக்காத தடவைகள்ல ஒண்ணுமே குறைஞ்சதில்ல.

வாரத்துல ஒரு நாள்

2009ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு பெரிய மருத்துவக் கல்வி மையத்துல வேலை பாக்கற பேராசிரியர்-டாக்டர்களை வச்சு டெயிட் ஷானஃபெல்ட்டும் அவரோட குழுவும் பண்ணது. உங்க வேலையில எது உங்களுக்கு ரொம்ப அர்த்தமுள்ளதுன்னு கேட்டாங்க, ஒருத்தர் ஆராய்ச்சின்னார், ஒருத்தர் சொல்லிக்குடுக்கறதுன்னார், ஒருத்தர் நோயாளியைப் பாக்கறதுன்னார். அப்புறம் அதுக்கு எவ்வளவு நேரம் போகுதுன்னு பாத்தாங்க. 20 சதவீதத்துக்குக் குறைவா, அதாவது வாரத்துல ஒரு நாள்கூட அதுக்குக் கிடைக்காதவங்கள்ல 53.8 சதவீதம் பேர் பர்ன்அவுட்ல, அதாவது வேலையால வத்திப் போன நிலையில இருந்தாங்க, அதுக்கு மேல கிடைச்சவங்கள்ல 29.9 சதவீதம். இது அதை உண்டாக்குச்சுன்னு ஒரு சர்வேயை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, அவங்க டாக்டர்கள் வேற. இருந்தாலும் இந்த எண்ணைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. மொத்த வேலையும் பிடிச்சதா இருக்கணும்னு அவசியமில்ல, அஞ்சுல ஒரு பங்கு இருந்தாலே ஆள் நிக்க வாய்ப்பு இருக்கு.

அதனால மாற்றம் வரும்போது முதல்ல காப்பாத்த வேண்டியது அந்த ஒரு பங்கை. உங்களுக்கு அது எதுன்னு நேர்மையா யோசிங்க, எதை வேலைன்னு மத்தவங்க மதிக்கறாங்கங்கறதை விடுங்க. எனக்கு அது ஆராய்ச்சிதான்னு ரொம்ப வருஷம் நெனச்சுட்டிருந்தேன், கணக்கு எழுதினப்புறம்தான் தெரிஞ்சுது, முதலாம் ஆண்டுப் பசங்களோட அந்த ரெண்டு மணி நேர வகுப்பு முடிஞ்சு வெளிய வர்றப்போதான் நான் நல்லா மூச்சு விடறேன்னு. இணைப்புல அந்த வகுப்பை என்கிட்டேர்ந்து எடுத்து "சீனியருக்கு ஏன் இது"ன்னு ஒரு பெரிய கமிட்டியைக் குடுத்தாங்க, கௌரவம்னு வாங்கிக்கிட்டேன், அந்த வருஷம்தான் நான் காஞ்சு போனேன்.

முழு நாளா கிடைக்கலேன்னா ரெண்டு அரை நாளா எடுங்க. ஆனா துண்டு துண்டா அரை மணி, முக்கால் மணின்னு எடுத்தா அது உதவாது. ஆய்வாளர் சோஃபி லெராய் 2009ல எழுதினது இதைப் பத்திதான், ஒரு வேலையை முடிக்காம அடுத்ததுக்குத் தாவினா கவனத்துல ஒரு பகுதி பழசுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவுல உள்ள 40 நிமிஷத்துல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையோட வாதத்தை யாராலயும் கட்ட முடியாது. அந்த 40 நிமிஷத்தை மெயிலுக்கும் போர்ட்டலுக்கும் குடுத்துட்டு, அதுக்குப் பதிலா ஒரு காலைய முழுசா வாங்குங்க. காலண்டர்ல வெறுமையா விட்டா யாராவது மீட்டிங் போட்டுருவாங்க, "ஆராய்ச்சி"ன்னோ "வகுப்புத் தயாரிப்பு"ன்னோ எழுதி அடைச்சு வைங்க.

புது சாப்ட்வேர், புது ரூம், புது அளவுகோல்

சாப்ட்வேர் மாறும்போது எல்லாத்தையும் முதல் வாரத்துலயே கத்துக்கணும்னு ஓடாதீங்க. வகுப்பு நடத்த, மார்க் ஏத்த, மாணவருக்குச் செய்தி அனுப்ப, இந்த மூணு மட்டும் முதல்ல. மீதியெல்லாம் தேவை வரும்போது. ரெண்டு மூணு பேரா ஒரே மேசையில உக்காந்து கத்துக்கிட்டா பாதி நேரம் மிச்சம், அதைவிட முக்கியம், 30 வருஷம் பாடம் நடத்தின ஒருத்தர் ஒரு பட்டனைத் தேடி அவமானப்பட்டு தனியா உக்காந்திருக்கறது நிக்கும். அந்த அவமானத்தை நாம யாரும் பேசறதில்ல, ஆனா சீனியர்கள் சீக்கிரமே விலகிப்போக அதுவும் ஒரு காரணம்னு நான் நம்பறேன். பயிற்சி நேரத்தை வேலை நேரத்துக்குள்ள குடுக்கச் சொல்லிக் கேளுங்க, அது சலுகை இல்ல.

ரூம் போறது சின்ன விஷயம்னு சொல்லுவாங்க. சின்ன விஷயம் இல்ல. தடுப்பு இல்லாத பெரிய ஹால்ல எல்லாரையும் உக்கார வச்சா கலந்து பேசுவாங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018ல ரெண்டு கம்பெனியில அளந்து பாத்தப்போ நேர்ல பேசறது சுமார் 70 சதவீதம் குறைஞ்சுது, மெயிலும் மெசேஜும்தான் கூடுச்சு. அது கம்பெனிக் கணக்கு, நமக்கு இன்னொரு பிரச்சனையும் இருக்கு, ஒரு மாணவி அழுதுக்கிட்டே வந்தா எங்க கூட்டிட்டுப் போறது? உங்க ரூம் போகுதுன்னா இதைத்தான் முன்னாடி வைங்க, எனக்கு ரூம் வேணும்னு கேக்கறதைவிட மாணவரோட தனியாப் பேச கதவு மூடற ரெண்டு ரூம் எல்லாருக்கும் பொதுவா வேணும்னு கேட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அளவுகோல் மாறறதுதான் உள்ளுக்குள்ள ரொம்ப அரிக்கும். இவ்வளவு நாள் நல்ல வகுப்பு எடுத்தா நல்ல ஆசிரியர், இப்ப புள்ளிப் பட்டியல். பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975ல பணக்கொள்கையைப் பத்திச் சொன்ன விதி இங்கயும் அப்படியே பொருந்தும், ஒரு அளவை இலக்கா மாத்திட்டா அது நல்ல அளவா இருக்கறதை நிறுத்திடுது. இதை ஆராய்ச்சி உலகமே ஒத்துக்கிட்டிருக்கு. 2012ல சான் பிரான்சிஸ்கோவுல நடந்த கூட்டத்துலேர்ந்து வந்த டோரா பிரகடனம், பத்திரிகையோட இம்பாக்ட் பேக்டரை, அதாவது அதுல வர்ற கட்டுரைகளை மத்தவங்க சராசரியா எத்தனை தடவை மேற்கோள் காட்டறாங்கங்கற எண்ணை வச்சு ஒரு ஆராய்ச்சியாளரோட தரத்தை அளக்காதீங்கன்னு சொல்லுது, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதுல கையெழுத்துப் போட்டிருக்கு. உங்க பல்கலைக்கழகமும் போட்டிருக்கான்னு பாருங்க, போட்டிருந்தா உங்க கமிட்டியில அதை எடுத்து வைக்கலாம்.

தனிப்பட்ட முறையில நான் செய்யறது, ரெண்டு நோட்டு. ஒண்ணு அவங்க கேக்கற புள்ளிக்கான பைல், அதுக்கு மாசத்துக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல குடுக்கறதில்ல, ஆனா தவறாம குடுக்கறேன், வருஷக் கடைசியில ஒரு வாரம் உக்காந்து தேடற கொடுமை இல்ல. ரெண்டாவது எனக்கானது, இந்த மாசம் எது நல்லா நடந்துச்சுன்னு. ஒரு பையன் கேட்ட கேள்வி, மூணு வருஷமாப் புரியாத ஒரு விஷயம் பிடிபட்டது. புள்ளிப் பட்டியல்ல வராதது எல்லாம் நடக்கவே இல்லங்கற மாதிரி மனசு பழகிடக் கூடாதுன்னுதான் இந்த நோட்டு.

கூட இருக்கறவங்க

மாற்ற காலத்துல டிபார்ட்மென்ட் ரெண்டா மூணாப் பிரியும். சேர்ந்து புலம்பறது முதல் பத்து நாளைக்கு நல்லது, மனசு லேசாகும். அதுக்கப்புறமும் அதே பேச்சு அதே ஆட்களோட தினமும் ஓடிட்டிருந்தா வீட்டுக்குப் போறப்போ வந்ததைவிட பாரமாத்தான் போவீங்க. பேசற கூட்டத்துல ஒரு சின்ன வழக்கத்தைக் கொண்டு வாங்க, கலையறதுக்கு முன்னாடி "இதுல நாம கேக்க வேண்டிய ஒரு விஷயம் எது?"ன்னு ஒருத்தர் கேக்கணும். அது ஆறு பேர் கையெழுத்து போட்ட ஒரு பக்கக் கடிதமா மாறினா அந்தப் பேச்சுக்கு ஒரு பயன்.

தனி ஆளாக் கேக்கறதுக்கும் சேர்ந்து கேக்கறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சங்கம் இருந்தா சங்கம் வழியா, இல்லேன்னா கல்விக்குழு உறுப்பினர் வழியா போங்க. யுனெஸ்கோ 1997ல உயர்கல்வி ஆசிரியர்களோட நிலை பத்தி வெளியிட்ட பரிந்துரையில கல்விச் சுதந்திரமும், நிறுவனத்தோட முடிவுகள்ல ஆசிரியர்களுக்குப் பங்கும் தெளிவாவே இருக்கு. சட்டமா எந்த நிர்வாகத்தையும் கட்டாது, ஆனா நீங்க கேக்கறது வழக்கத்துக்கு மாறான ஒண்ணு இல்லன்னு எழுதிக் காட்ட அது போதும்.

கான்ட்ராக்ட்ல இருக்கற இளையவங்களை மறந்துடாதீங்கன்னு சீனியர்களைக் கேட்டுக்கறேன். நமக்கு மாற்றம்னா சிரமம், அவங்களுக்கு அடுத்த செமஸ்டர் வாடகை. மீட்டிங்ல அவங்களால எதிர்த்துப் பேச முடியாது, புது சாப்ட்வேர் வேலை எல்லாம் "நீங்கதான் சின்னவங்க, சட்டுனு வரும்"னு அவங்க தலையிலதான் விழும். அவங்க சார்பா ஒரு கேள்வியை நிரந்தர வேலையில இருக்கற ஒருத்தர் எழுந்து கேட்டா அது பெரிய உதவி. நீங்களே கான்ட்ராக்ட்ல இருக்கறவங்கன்னா, செய்யற கூடுதல் வேலைய எல்லாம் தேதியோட எழுதி வைங்க, வெளிய இருக்கற ரெண்டு மூணு பேரோட ஆராய்ச்சித் தொடர்பை எப்பாடு பட்டாவது விடாம வைங்க, இந்த இடம் போனாலும் உங்க ஆய்வு உங்களோட வரும்.

உடம்பு சொல்றதைக் கேளுங்க

உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்அவுட்டை நோய்ப் பட்டியலோட 11வது பதிப்புல வேலை சார்ந்த ஒரு நிலைன்னு வரையறுத்துது, நோய்னு இல்ல. மூணு அடையாளம் சொல்றாங்க: சக்தி வத்திப் போறது, வேலையிலேர்ந்து மனசு விலகறது இல்ல கசப்பாகறது, நாம செய்யறதுல பயனில்லன்னு தோணறது. நம்ம தொழில்ல இதுல ரெண்டாவதைத்தான் யாரும் கண்டுக்கறதில்ல. களைப்பை எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா ஒரு காலத்துல ஒவ்வொரு மாணவர் பேரும் தெரிஞ்ச ஒருத்தர், "இந்த பேட்ச் எல்லாம் தேறாது"ன்னு பேச ஆரம்பிச்சா அவர் திமிர் பிடிச்சவர்னு முடிவு பண்ணாதீங்க, பெரும்பாலும் அவர் வத்திப் போயிருப்பார். உங்க வாயிலேயே அந்த வார்த்தை வந்தா நின்னு கவனிங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெட்டிருந்தா, காலையில எழுந்ததும் நெஞ்சு அடைச்ச மாதிரி இருந்தா, பிடிச்ச எதுலயும் ருசி இல்லாம போனா, டாக்டரைப் பாருங்க, செமஸ்டர் முடியட்டும்னு தள்ளாதீங்க. செத்துடலாம்னு ஒரு எண்ணம் வந்தாகூட அன்னைக்கே, அந்த மணி நேரமே நம்பற ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க, உதவி கேளுங்க, தனியா இருக்காதீங்க.

நேரக் கணக்குக்கும் ஒரு எல்லை இருக்கு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல வெளியிட்ட கணக்குப்படி வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ உழைக்கறவங்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைக்கறவங்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவீதம், இதய ரத்தக்குழாய் நோயால சாகற ஆபத்து 17 சதவீதம் அதிகம். நீங்க எழுதின ரெண்டு வாரக் கணக்கைக் கூட்டிப் பாருங்க. 55ஐத் தொட்டிருந்தா ஹெச்.ஓ.டி.கிட்ட போறப்போ அந்த எண்ணோட போங்க.

சாயங்காலம் வேலையை மூடறதுக்கு எனக்கு உதவினது ஒரு பழக்கம்தான், கிளம்பறதுக்கு முன்னாடி 10 நிமிஷம், முடியாம கெடக்கற ஒவ்வொண்ணையும் நாளைக்கு எப்போ எப்படி எடுப்பேன்னு எழுதறது. 2011ல மசிகாம்போவும் பௌமைஸ்டரும் செஞ்ச சோதனைகள்ல, முடியாத வேலைக்குத் தெளிவா ஒரு திட்டம் போட்டாலே அது மனசுல திரும்பத் திரும்ப வந்து குறுக்கிடறது நின்னுது, வேலையை முடிக்கக்கூட வேண்டியிருக்கல. ராத்திரி மெயில் பாக்கறதையும் நிறுத்திப் பாருங்க, போன்லேர்ந்து ஆபீஸ் மெயிலை எடுத்துட்டேன், முதல் நாலு நாள் கை தானா தேடுச்சு, அப்புறம் விட்டுருச்சு.

பொறுப்புல இருக்கறவங்களுக்கு

நீங்க ஹெச்.ஓ.டி.யாவோ டீனாவோ இருந்து இதைப் படிச்சா ஒரே விஷயம்தான் கேக்கறேன். தியான வகுப்பு, மனநல வெபினார் எல்லாம் வைங்க, தப்பில்ல, ஆனா 2022ல உலக சுகாதார நிறுவனம் வேலையிட மனநலத்துக்குக் குடுத்த வழிகாட்டுதல்ல தனிநபருக்கான பயிற்சியோட சேத்து வேலை அமைப்பையே சரி பண்றதையும், பொறுப்புல இருக்கறவங்களுக்குப் பயிற்சி குடுக்கறதையும் பரிந்துரை பண்ணியிருக்கு. அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே ஆட்களைக் கூப்பிட்டுக் கேளுங்க, கேட்டதுல எதை எடுத்துக்கிட்டீங்க, எதை ஏன் எடுத்துக்கலைன்னு திரும்ப வந்து சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹெச்.ஓ.டி. இணைப்பு சமயத்துல ஒவ்வொரு திங்கக்கிழமையும் மூணு வரி மெயில் போடுவார்: இது முடிவாச்சு, இது ஆகல, இது எனக்கும் தெரியல. மூணாவது வரியை அவர் எழுதினதாலதான் முதல் வரியை நாங்க நம்பினோம்.

ஆறு மாசம் கழிச்சு

அந்த மூணு பத்தித் தாளை பத்திரமா வைங்கன்னு ஆரம்பத்துல சொல்லாம விட்டுட்டேன், தயவு செஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தா பயந்ததுல எது நடந்துச்சு, எது நடக்கவே இல்ல, பயப்படாத எது வந்து மோதிச்சுன்னு தெரியும். அதோட பக்கத்துல புதுசா ஒரு வாரக் கணக்கு எழுதி வைங்க, உங்களுக்குப் பிடிச்ச அந்த ஒரு நாள் இன்னும் இருக்கான்னு பாருங்க. இருந்தா நீங்க சமாளிச்சுட்டு வர்றீங்க, வேற எது சரியில்லாம இருந்தாலும். சுருங்கி அரை நாளாயிருந்தா அடுத்த செமஸ்டர் அட்டவணை போடறதுக்கு முன்னாடியே போய்ப் பேசுங்க, போட்டப்புறம் யாராலயும் மாத்த முடியாது.

ரெண்டு தடவை கேட்டும் அது சுத்தமா இல்லாம போயிடுச்சுன்னா, இடம் மாறறதைப் பத்தி யோசிக்கறது தோல்வி இல்ல. கோபத்துல, செமஸ்டர் நடுவுல முடிவு எடுக்காதீங்க. லீவுல, நல்லாத் தூங்கி எழுந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் எடுங்க, பணக் கணக்கைப் போட்டுட்டு, வீட்டுல பேசிட்டு. என்னோட வேலை பாத்த ஒருத்தர் 22 வருஷத்துக்கு அப்புறம் வேற ஒரு சின்ன காலேஜுக்குப் போனார், சம்பளம் குறைவு, ஆய்வகமும் இல்ல. போன மாசம் போன்ல பேசினப்போ அரை மணி நேரம் பேசினார், முழுக்க ஒரு மாணவியோட ப்ராஜெக்ட்டைப் பத்தி மட்டும்தான் பேசினார்.